சுவரோரம் நிற்கும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

புது நாட்டில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஓடியாட வைப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பாதிக் கடிதங்களில் ‘சோம்பேறி’ என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைத் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள். உட்கார்ந்தே இருக்கும் பிள்ளைக்கு முன்னால் ஏதோ ஒன்று தடையாக நிற்கிறது. எது என்று தெரிந்தால் பெரும்பாலும் வீட்டிலேயே அதை நகர்த்திவிடலாம்.

என் மகனுக்குப் பத்து வயது. இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் இருட்டினாலும் வீட்டுக்குள் வரமாட்டான். இப்போது பள்ளி இடைவேளையில் சுவரோரமாகவே நிற்கிறான் என்று ஆசிரியை சொல்கிறார். கேட்டால் ‘பிடிக்கலை’ என்கிறான். சோம்பேறி ஆகிவிட்டானோ?

இல்லை. பத்து வயதுப் பிள்ளை ‘பிடிக்கலை’ என்று சொன்னால், ‘எனக்குத் தெரியலை, அது எல்லாருக்கும் தெரிந்துவிடும்’ என்பதுதான் பல நேரம் அதன் அர்த்தம். கூடப் படிக்கிறவர்கள் நாலைந்து வயதிலிருந்தே அந்த ஆட்டங்களை ஆடி வருகிறார்கள். உங்கள் மகன் வேறு ஆட்டங்களில் கெட்டிக்காரனாக இருந்தவன். இங்கே முதல் நாளே பந்தை நழுவவிட்டிருப்பான், நாலு பேர் சிரித்திருப்பார்கள். அதற்குப் பிறகு சுவர்தான் அவனுக்குப் பத்திரமான இடம்.

“ஏன் விளையாடவில்லை?” என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். “இன்றைக்கு மைதானத்தில் என்ன ஆடினார்கள்? எப்படி அவுட் ஆவார்கள்?” என்று கேளுங்கள். ஒரு தாளைக் கொடுத்து, யார் எங்கே நின்றார்கள் என்று வரையச் சொல்லுங்கள். ஓரத்தில் நின்றாலும் அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். விதி புரியாத இடம் அந்தப் படத்தில் தெரிந்துவிடும். மைதானத்தில் கத்தும் சொற்கள் ஏழெட்டை அந்த ஊர் மொழியிலேயே அவனுக்குப் பழக்குங்கள்: ‘எனக்குப் போடு’, ‘என் முறை’, ‘அவுட்’, ‘நானும் வரட்டுமா’. பாடப்புத்தகத்தில் இவை வராது. இவை தெரியாமல் ஆட்டத்துக்குள் நுழையவும் முடியாது.

அடுத்தது பந்து பிடிப்பது. பிள்ளையை எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுப்பது இந்த ஒரு திறமைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். குறுக்களவு 20 செ.மீ. அளவுள்ள மெத்தென்ற பந்து ஒன்று வேண்டும். கெட்டியான பந்துதான் இருக்கிறது என்றால் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கையைக் கீழிருந்து மேலாக வீசி, அவன் மார்புக்கு நேராகப் போடுங்கள். ஒரு தடவைக்கு 20 பந்து போதும். முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடுகிறானா? அது பயம். இன்னும் மெத்தென்ற பந்துக்கு மாறுங்கள். “பயப்படாதே” என்று சொல்லிப் பயனில்லை. கையை விறைப்பாக நீட்டிப் பிடிக்கிறானா? பந்து பட்டுத் தெறிக்கும். முழங்கையை மடக்கி, பந்து வரவர மார்பை நோக்கிக் கையை இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மார்புயரத்தில் வரும் பந்துக்கு விரல்கள் மேல்நோக்கி, கட்டைவிரல்கள் அருகருகே. இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் தரையை நோக்கி, சுண்டுவிரல்கள் அருகருகே. பத்துக்கு எட்டு பிடித்தால் ஓர் அடி பின்னால் போங்கள். பிறகு சின்னப் பந்து, அதன் பிறகு ஓடிக்கொண்டே பிடிப்பது.

எறிவதில் அடிக்கடி வரும் பிழை இது: வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைப்பது. அப்போது உடம்பு திரும்பாது, பந்து பக்கத்திலேயே விழும். இடது காலை முன்வைத்தால் அதே கை இன்னும் தூரமாக எறியும். இடதுகைப் பிள்ளைக்கு இது அப்படியே மாறும்.

தினமும் பத்து நிமிடம், வேறு யாரும் பார்க்காத இடத்தில் இந்தப் பயிற்சி நடக்கட்டும். சில வாரம் கழித்து, வகுப்பிலிருந்து ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். இரண்டு பேரை அழைத்தால் அவர்கள் இருவரும் சேர்ந்துகொள்வார்கள், உங்கள் மகன் மறுபடியும் தனி. உடற்பயிற்சி ஆசிரியரிடமும் ஒன்று கேளுங்கள்: அணித் தலைவர்கள் ஆளைப் பொறுக்கி எடுக்கும் முறையை விட்டுவிட்டு, எண் சொல்லிப் பிரிக்க முடியுமா என்று. கடைசியாக மிஞ்சுகிற பிள்ளை அந்த நாளை மறப்பதில்லை.

ஓடினால் நெஞ்சு இறுகுகிறது, இரவில் இருமுகிறான், காலெலும்பு வலிக்கிறது என்று சொன்னால் இதையெல்லாம் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் விளையாடினால் போதும்?

5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது மூச்சிரைக்கும் ஓட்டமும், தசையையும் எலும்பையும் வலுவாக்கும் தாண்டுதல், ஏறுதல், தொங்குதல் போன்றவையும் இருக்க வேண்டும். கடிகாரம் வேண்டாம், பேச்சை வைத்தே அளக்கலாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் கடுமையான வேகம். மொத்தமாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. பள்ளிக்கு 12 நிமிடம் வேகமாக நடந்து போய், அதேபோல் திரும்பினால் 24. இடைவேளை ஓட்டம் 15. மாலையில் 20. கிட்டத்தட்ட கணக்கு முடிந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு ஆறு வயது, எட்டு வயது. குளிர்காலம் வந்தால் நாலைந்து மாதம் வெளியே விடுவதே இல்லை. விட்டால் சளி பிடிக்கும் என்று பயம். என்ன செய்வது?

சளியைக் கொண்டுவருவது வைரஸ். கதவு, ஜன்னல் மூடிய அறையில் பலர் நெருங்கி இருக்கும்போதுதான் அது எளிதாக ஒட்டுகிறது. குளிருக்குப் பயந்து உள்ளேயே வைத்திருந்தால் சளியிலிருந்து தப்பியதாக ஆகாது. உடைதான் இங்கே உண்மையான விஷயம். பெரும்பாலான பிள்ளைகள் குளிரில் அழுவதற்குக் காரணம் உடை போதாமல் அல்ல, தப்பான உடை.

மூன்று அடுக்கு போடுங்கள். தோலோடு ஒட்டியது மெல்லிய கம்பளியாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும், பருத்தி கூடவே கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஓட்டம் நின்ற மறு நிமிடம் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி) மேலாடை. வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட், கால்சட்டை. வாசலைத் தாண்டும்போது பிள்ளைக்கு லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிட ஓட்டத்தில் நனைந்துவிடுவான்.

கால் சில்லிடுகிறது என்று இரண்டு காலுறை போட்டு பூட்ஸைத் திணிப்பதைப் பல வீடுகளில் செய்கிறோம். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்று போதும், பூட்ஸுக்குள் விரலை அசைக்க இடம் இருக்க வேண்டும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே பைக்குள் போகும் கையுறை சூடு தரும். நீளமான கழுத்துத் துண்டு வேண்டாம், சறுக்கு மரத்தில் மாட்டி இறுக்கும். தலைவழியாக மாட்டும் கழுத்துறை போடுங்கள். ஈரமான கையுறைக்கு மாற்றாக இன்னொரு ஜோடி பள்ளிப் பையில் இருக்கட்டும்.

எல்லை என்று ஒன்றும் உண்டு. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28 செல்சியஸுக்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். அன்றைக்கு வீட்டிலேயே ஆடட்டும். மற்ற நாட்களில் மூக்கு நுனி, காது, கன்னம் மூன்றையும் அடிக்கடி பாருங்கள். வெளிறி மரத்துப்போயிருந்தால் உடனே உள்ளே அழைத்து, உங்கள் உள்ளங்கையை வைத்துச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கெடுதல். நிறமும் உணர்வும் திரும்பவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.

குளிர்காலம் நீண்ட நாடுகளில் வெயில் மேலே படுவது குறைவு. நம் தோல் நிறத்துக்கு, வைட்டமின் டி உண்டாக இன்னும் கூடுதல் வெயில் வேண்டும். பிள்ளைக்கு அது போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையின் அளவைக் கூட்டாதீர்கள்.

நானும் கணவரும் ஷிஃப்டில் வேலை செய்கிறோம். இரண்டாம் மாடி வீடு. பையன் ஒரு குதி குதித்தால் கீழ்வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். மாலை முழுக்க போனும் கையுமாக இருக்கிறான். வயது பதினொன்று.

கீழே சத்தம் போவது குதிகால் தரையில் இடிப்பதால்தான். குதிக்காமல் செய்யும் பயிற்சிகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதும். ஆறு பயிற்சிகள்: சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் உட்காருவது, நாற்காலி விளிம்பைத் தொட்டு மெதுவாக எழுந்து நிற்பது, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகைபோல் நேராக வைத்திருப்பது, மல்லாந்து படுத்துக் காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, கையும் காலும் ஊன்றி முழங்கால் தரையில் படாமல் மெதுவாக நகர்வது, ஒற்றைக்காலில் நின்று பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது. ஒவ்வொன்றும் 30 விநாடி, பிறகு 30 விநாடி ஓய்வு. மூன்று சுற்று வந்தால் 18 நிமிடம் ஆகிவிடும். பலகைப் பயிற்சியில் இடுப்பு தொங்கினால் வலி முதுகுக்குப் போகும். தொங்க ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல்லுங்கள், அது பத்தாவது விநாடியாக இருந்தாலும் சரி.

போனைப் பிடுங்குவதால் சண்டைதான் மிஞ்சும். வரிசையை மாற்றிப் பாருங்கள்: வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு, பிறகு இந்த 18 நிமிடம், அதன் பிறகு போன். உட்கார்ந்துவிட்ட பிள்ளையை எழுப்புவதைவிட, உட்காரும் முன் பிடிப்பது எளிது.

பள்ளி நடைதூரத்தில் இருந்தால் ‘நடைப் பேருந்து’ ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். ஷிஃப்ட் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எங்களுக்குத் தெரியாது. ஒரே பகுதியில் உள்ள நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, பேருந்துபோலவே வழியையும் நிறுத்தங்களையும் நேரத்தையும் குறித்துக்கொள்வீர்கள். பெரியவர்கள் முறைவைத்துப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போவார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். வாரத்தில் ஒரே ஒரு நாளில் ஆரம்பியுங்கள். இந்த ஏற்பாடு குலைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தாமதமாக வரும் வீட்டுக்காக எல்லாரும் காத்திருப்பது. நிறுத்தத்தில் இரண்டு நிமிடம், அதற்கு மேல் நிற்பதில்லை என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் நீச்சல் வகுப்பு இருக்கிறது. உடை காரணமாக அனுப்பத் தயங்குகிறோம், அவளுக்கும் கூச்சம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

எழுதிக் கொடுக்காதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறோம். மற்ற விளையாட்டு தெரியாவிட்டால் ஓர் இன்பம் குறையும். நீச்சல் தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. குளமும் ஏரியும் கடற்கரையும் உள்ள ஊரில், தோழிகள் தண்ணீருக்குள் இறங்கும் ஒரு நாளில் அவளும் இறங்குவாள்.

கை, கால், தலை மூடும் நீச்சலுடைகள் நைலான், பாலியஸ்டர் துணியில் கிடைக்கின்றன. நீச்சல் குளத்தின் அலுவலகத்தில் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பருத்தி டி-ஷர்ட்டும் லெக்கிங்ஸும் போட்டு அனுப்பினால் நனைந்து கனத்துக் கீழே இழுக்கும், பல குளங்களில் அனுமதியும் இல்லை. பெண்களுக்கு மட்டுமான நேரம் உண்டா, பெண் பயிற்சியாளர் கிடைப்பாரா, தனி மறைப்புள்ள உடைமாற்றும் அறை இருக்கிறதா என்று மூன்றையும் கேளுங்கள். மாதவிலக்கு நாளில் அவளுக்கு விருப்பமில்லை என்றால் அந்த ஒரு வகுப்பை மட்டும் விடட்டும்.

கற்கும் வரிசை தெரிந்திருந்தால் அவளுக்குத் தைரியம் வரும். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வாயால் மூச்சு விட்டுக் குமிழி எழுப்புவது முதலில். பிறகு முகம் முழுக்க அமிழ்த்திக் கண் திறப்பது. பிறகு மல்லாந்து மிதப்பது. இங்கேதான் எல்லாரும் மாட்டுவார்கள். பயத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பு அமிழும். காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி தலையைச் சாய்த்து, வயிற்றை மேலே தள்ளினால் உடம்பு தானாக மிதக்கும். அடுத்து சுவரை உதைத்து வழுக்கிப் போவது. கை வீசுவதெல்லாம் அப்புறம்தான். ஆழம் தெரியாமல் விழுந்தால் திரும்பி ஓரத்தைப் பிடிக்கத் தெரிவதுதான் முதல் வெற்றி.

நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, கை அசைத்துக் கூப்பிடுவதும் இல்லை. கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளை நம்பிப் பார்வையை எடுக்காதீர்கள்.

தலைத்துணி பற்றி இன்னொரு வாசகியும் கேட்டிருந்தார். கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 2014-லும், சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2017-லும் தலைத்துணியை அனுமதித்துவிட்டன. பயிற்சியாளர் மறுத்தால் இதைச் சொல்லுங்கள். ஊசி குத்தாத, ஒரே துணியாலான நெகிழும் வகையாக அது இருக்கட்டும்.

மகளுக்கு ஒன்பது வயது, சைக்கிள் ஓட்டத் தெரியாது. தோழிகள் எல்லாரும் ஓட்டுகிறார்கள். பக்கச் சக்கரம் மாட்டலாமா?

வேண்டாம். பக்கச் சக்கரம் இருந்தால் சைக்கிள் சாயாது. சாய்ந்தும் நிமிர்ந்தும் சமநிலை பிடிப்பதுதானே சைக்கிள் ஓட்டுவது. அதைக் கழற்றும் நாளில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர் பொருந்தும். அந்தந்தப் பெடலுக்கு நேராக நின்று பார்த்தால், வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கமாகச் சுழற்றினால் கழலும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருப்பதால் வலப்பக்கமாகச் சுழற்ற வேண்டும். இது தெரியாமல் முழு பலத்தையும் போட்டு மரையைக் கெடுத்துவிடுகிறவர்கள் நிறைய. சீட்டை இறக்கி, உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும்படி வையுங்கள்.

வண்டி வராத, சமதளமான, கெட்டித் தரை வேண்டும். புல்லில் சக்கரம் உருளாது. முதலில் உட்கார்ந்தபடியே நடக்கட்டும். பிறகு இரண்டு காலாலும் உந்தட்டும். காலைத் தூக்கிக்கொண்டு ஐந்தாறு மீட்டர் வழுக்கிப்போய், பிரேக் பிடித்து நிற்கத் தெரிந்த பிறகுதான் பெடலை மாட்ட வேண்டும். பெடல் தண்டில் இடது, வலது எழுத்துக் குறி இருக்கும், மாற்றி மாட்டாதீர்கள். கிளம்பும் காலின் பெடலை மேலே, சற்று முன்பக்கமாக வைத்து அழுத்தச் சொல்லுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருந்தால் விழுவாள், பத்து மீட்டர் தள்ளிப் பார்க்கட்டும். நீங்கள் பிடிப்பதானால் ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள், முதுகிலோ தோளிலோ கை வையுங்கள். நன்றாக ஓட்ட வந்ததும் சீட்டை உயர்த்துங்கள். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று பெரிய சைக்கிளாக வாங்குவதாலும் பல விழுதல்கள்.

ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டைகள் காதுக்குக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் கூடாது.

பயிற்சி வகுப்புக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. விசாரித்தால் ‘இடம் முடிந்துவிட்டது’ என்கிறார்கள்.

பருவம் தொடங்குவதற்குப் பல வாரம், சில சமயம் சில மாதம் முன்பே பதிவு முடிந்துவிடும். இப்போதே அடுத்த பருவத்தின் பதிவு தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்துக்கும் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்து வையுங்கள். முதல் இரண்டு வாரத்தில் சில பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். கட்டண உதவி பல உள்ளாட்சி மையங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். “கட்டணச் சலுகைக்கு எந்த விண்ணப்பம்?” என்று நேராகக் கேளுங்கள். பழைய சாமானில் காலணி, ஸ்கேட், மட்டை வாங்கலாம். ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள், உள்ளே விரிசல் இருந்தால் வெளியே தெரியாது. சில நூலகங்களில் விளையாட்டுச் சாமானும் இரவல் கிடைக்கிறது.

மூன்று வயதுப் பேரனைப் பகலில் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. விளையாட்டுப் பூங்காவில் அவன் விழுந்துவிடுவானோ என்று வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 180 நிமிட அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது துள்ளலாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். வீட்டுக்குள் மட்டும் அது நிறைவது கடினம். நீங்கள் அவனோடு ஓட வேண்டாம். காலையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கூட்டிப்போய், பக்கத்தில் நின்றாலே போதும்.

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: அவனாக ஏற முடிந்த உயரம் வரைதான். தூக்கி மேலே ஏற்றிவிடாதீர்கள், ஏறத் தெரியாத பிள்ளைக்கு இறங்கவும் தெரியாது. இறங்கும்போது “கால் எங்கே வைக்கணும்?” என்று கேட்டு அவனையே தேட விடுங்கள். ஏணியில் ஏறும் முன் கழுத்துத் துண்டையும் சைக்கிள் ஹெல்மெட்டையும் கழற்றிவிடுங்கள், இரண்டும் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளும்.

பாசத்தால் நடக்கும் தவறு ஒன்று உண்டு. சறுக்கு மரத்தில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். அவனுடைய காலணி பக்கத்தில் ஒட்டி நின்றுவிட்டால், உங்கள் இருவரின் எடையும் சேர்ந்து அந்தச் சின்னக் காலை முறுக்கிவிடும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாகச் சறுக்கினால் கால் சிக்கினாலும் அவன் எடை மட்டும்தான், பெரும்பாலும் நின்றுவிடுவான். நீங்கள் கீழே, முடிவில் பக்கவாட்டில் நில்லுங்கள், கையை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.